ஓட்டைக்கு என்ன விலை?

எங்கள் வீட்டு வாசலில் அக்ரிலிக் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. நான்கு மூலையிலும் ஸ்க்ரூ. ஒரு போகிக்கு வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த உற்சாகத்தில், பலகைமேல் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கர் பசை போகட்டும் என்று பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. மறுநாள் காலை பால் வாங்கக் கதவைத் திறந்தால், ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் வெள்ளி முடி மாதிரிக் கோடுகள். குழந்தைகள் வரையும் சூரியனுக்குக் கதிர் இழுத்ததுபோல வெளிப்பக்கமாக ஓடியிருந்தன. ஒரு மாதத்தில் ஒரு மூலை தானாகவே கழன்று விழுந்தது. நானூறு ரூபாய்ப் பலகை, போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

இதே கோடுகள் 1973-இல் செய்த ஒரு டிரம்மின்மேல் தெரிந்தால் அப்படி விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் பழைய அக்ரிலிக் டிரம் செட்டுகளை வாங்கி விற்கிறவர்கள் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது ஸ்க்ரூ ஓட்டைகளைத்தான். நிறம், சத்தம், யார் வாசித்தது என்ற கதை எல்லாம் அதற்கப்புறம். விளம்பரத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள்: விரிசல் இல்லை, எக்ஸ்ட்ரா ஹோல் இல்லை. ஓர் இசைக்கருவியை விற்க, அதில் இல்லாதவற்றைப் பட்டியல் போடுவது வேடிக்கைதான். ஆனால் இந்தக் கருவியின் விலை அங்கேதான் இருக்கிறது.

அக்ரிலிக் என்று நாம் சொல்வதன் முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 1933-இல் இதற்கு 'பிளெக்ஸிகிளாஸ்' என்று பெயர் பதிந்தார். இங்கிலாந்தில் இதுவே 'பெர்ஸ்பெக்ஸ்'. கண்ணாடியில் பாதி எடைகூட இல்லை. தன்மேல் விழும் ஒளியில் 92 சதவீதத்தை உள்ளே விடும். ஜன்னல் கண்ணாடியைவிடக்கூட ஒரு பிடி அதிகம். இரண்டாம் உலகப் போரில் விமானியின் தலைக்குமேல் கவிழ்த்த கூடாகப் பேர் வாங்கியது. போர் முடிந்தபின் கடைப்பலகை, விளக்கு மூடி, மீன்தொட்டி என்று ஊருக்குள் இறங்கிவிட்டது.

அதை டிரம்மாக வளைத்துப் பார்க்கலாம் என்று முதலில் இறங்கியவர்களில் ஒருவர் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த பில் ஜிக்கோஸ். அவருடைய கண்ணாடி டிரம்மை 'அயர்ன் பட்டர்ஃபிளை' குழுவின் ரான் புஷி மேடையேற்றினார். 'ஃபைப்ஸ்' என்ற கம்பெனியும் ஒன்று செய்தது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் பில்லி காபம் வாசித்தது அதைத்தான். சிகாகோவின் லட்விக் கம்பெனி 1972-இல் 'விஸ்டாலைட்' என்ற பெயரில் இறங்கியதும் இது பெரிய வியாபாரமாயிற்று. தெளிந்த வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், அப்புறம் ஆம்பர் என்கிற தேன் நிறம். கலர் சோடா பாட்டில்களை வரிசையாக வைத்து வெயிலில் பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி.

தேன் நிறத்துக்குத் தனிக் கதை உண்டு. லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹாம் 1973-இல் தேன் நிற விஸ்டாலைட் ஒன்றை எடுத்துக்கொண்டார். 26 அங்குல பேஸ் டிரம், 14 அங்குல டாம், 16-லும் 18-லும் ஒவ்வொரு ஃப்ளோர் டாம். ஸ்னேர் மட்டும் உலோகம். அந்த ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மூன்று இரவுக் கச்சேரியைப் படம்பிடித்தார்கள். 1976-இல் அது திரைக்கு வந்தது. மேடை விளக்கு அந்த டிரம்மின் ஊடே புகுந்து வருவதைப் பார்த்த பையன்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். கையில் காசு இருக்கிறது. அன்று வாங்க முடியாததை இன்று தேடுகிறார்கள். அவர்கள் தேடும் பொருள்தான் குறைந்துகொண்டே போகிறது.

ஏன் குறைகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

மர டிரம்மின் கூடு, மெல்லிய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்தது. ஓர் அடுக்கில் விரிசல் விழுந்தால், அடுத்த அடுக்கின் நார் குறுக்கே படுத்துத் தடுக்கும். அக்ரிலிக்கில் நாரே கிடையாது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சேவை மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். விரிசல் ஓட ஆரம்பித்தால் அதை மறிக்க வழியில் யாரும் இல்லை. அதிலும் விஸ்டாலைட் கூடு, தட்டைத் தகட்டைச் சூடாக்கி வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டியது. அந்த ஒட்டு கூட்டின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடாகத் தெரியும். வளைத்த தகட்டுக்குத் தன் பழைய தட்டை உருவம் நினைவிருக்கும். சரியாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிடவில்லை என்றால், ஐம்பது வருஷமானாலும் அது உள்ளுக்குள் நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒட்டு அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கூட்டில்தான் துளை போடுகிறோம். தோலை இழுத்துக் கட்டும் உலோகக் குமிழ்களை லக் என்பார்கள். 26 அங்குல பேஸ் டிரம்மில் பக்கத்துக்குப் பத்து லக், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ என்று வைத்துக்கொண்டால், லக்குக்கு மட்டும் நாற்பது ஓட்டை. அதற்குமேல் கால் பொருத்த, டாமைத் தூக்கி நிறுத்த, காற்றுப் போக.

ஓட்டை போட்டால் அந்த இடத்தில் பொருள் குறைகிறது, அதனால் பலவீனம் என்று நமக்குத் தோன்றும். விஷயம் அதைவிட மோசம். ஆற்றின் நடுவே பாலத்தின் தூண் நின்றால், தண்ணீர் அதன் இரு பக்கமும் ஒதுங்கி நெருக்கியடித்துக்கொண்டு வேகமாக ஓடும் அல்லவா? இழுபடும் தகட்டில் விசையும் அப்படித்தான் ஓட்டையைச் சுற்றி நெருக்கியடிக்கிறது. வட்டமான, வழவழப்பான ஓட்டையின் விளிம்பில், தகட்டின் மற்ற இடத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கு தகைவு, அதாவது இப்படி நெருக்கியடிக்கும் விசையின் செறிவு, சேரும் என்று 1898-இல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓட்டை சின்னதா பெரிதா என்பது இங்கே பொருட்டே இல்லை. குண்டூசி ஓட்டையானாலும் மூன்று மடங்குதான்.

வட்டமாக இருந்தால்தான் இந்த மூன்று. 1913-இல் இங்கிலாந்தில் இங்லிஸ் என்பவர், கப்பல் தகடுகள் ஏன் திறப்புகளின் மூலையிலிருந்தே கிழிகின்றன என்று யோசித்து, நீள்வட்ட ஓட்டைக்குக் கணக்குப் போட்டார். ஓட்டையின் நீளம் அகலத்தைப்போலப் பத்து மடங்கு இருந்து, விசை அதற்குக் குறுக்கே இழுத்தால், அதன் கூர்முனையில் தகைவு 21 மடங்கு. மழுங்கிய டிரில் பிட்டால் அவசரமாகத் துளைக்கும்போது ஓட்டையின் ஓரத்தில் நகக்கீறல் அளவு ஒரு சில்லு பெயர்கிறது. அது ஓட்டைக்குள் இன்னோர் ஓட்டை, அதுவும் கூரானது. எந்தப் பட்டறையில், எந்த வெள்ளிக்கிழமை மாலையில் அந்தச் சில்லு பெயர்ந்ததோ, அரை நூற்றாண்டு கழித்து அது ஒருவரின் பணத்தைத் தின்கிறது.

பிறகு குளிரும் வெயிலும். ஒரு டிகிரி சூடேறினால் அக்ரிலிக் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். எஃகு நீளுவது 0.012. சின்ன எண்கள்தான். ஆனால் 26 அங்குல டிரம்மின் சுற்றளவு இரண்டு மீட்டருக்கு மேல். சிகாகோவின் ஜனவரியில் வேனுக்குள் மைனஸ் 20 டிகிரியில் கிடந்த டிரம், மேடை விளக்குக்குக் கீழே 40 டிகிரிக்கு வந்தால், கூட்டின் சுற்றளவு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கூடும். அதே அளவு எஃகு வளையம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் கூடியிருக்கும். கூடு விரியப் பார்க்கிறது. இறுக்கி முடுக்கிய ஸ்க்ரூக்கள் 'இரு' என்கின்றன. சுற்றுப்பயணம் போன குழுவின் டிரம்முக்கு இது ராத்திரிக்கு ராத்திரி நடக்கும். அதனால்தான், இதைக் கேட்கும்போது சற்று வருத்தமாக இருந்தாலும், நன்றாக வாசித்தவரின் டிரம்மைவிட, ஆசைப்பட்டு வாங்கி இரண்டு மாதத்தில் அலுத்துப்போய்ப் பரணில் ஏற்றியவரின் டிரம்முக்கு விலை அதிகம்.

என் பெயர்ப்பலகையில் வந்த வெள்ளி முடிகள் இன்னும் விரிசலாகாதவை. ஆங்கிலத்தில் 'கிரேஸ்' என்பார்கள். அதன் இரு கரைகளையும் மூலக்கூறு நார்கள் பாலம்போல இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவே நுண்ணிய வெற்றிடங்கள். அந்த வெற்றிடங்கள் ஒளியைத் திருப்புவதால்தான் வெள்ளியாய் மின்னுகிறது. ஆல்கஹால், அசிட்டோன் போன்றவை சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து பிடியைத் தளர்த்தினால், ஏற்கெனவே இழுபட்டிருக்கும் இடத்தில், அதாவது ஸ்க்ரூவைச் சுற்றி, இந்த முடிகள் கிளம்பும். நானே ஸ்பிரிட்டைத் தொட்டுக் கொடுத்துக் கிளப்பினேன். கண்ணாடி துடைக்கும் திரவத்தை டிரம்மின்மேல் தெளித்துத் துடைத்தவர்கள் எத்தனையோ பேர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று செய்தார்கள். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

தகைவு என்று நான் சொல்லிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. லேப்டாப்பில் வெறும் வெள்ளைத் திரையை வைத்துக்கொள்ளுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றைத் திரைக்கு நேராகப் பிடித்து, திரை கறுத்துப்போகும்வரை திருப்புங்கள். இப்போது கிளாஸுக்கும் திரைக்கும் நடுவே பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைச் செருகுங்கள், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேல். வானவில் எழும். நூல் கோத்துத் தொங்கவிட ஸ்கேலின் முனையில் ஓர் ஓட்டை இருக்குமே, அதைச் சுற்றிப் பாருங்கள். நிறங்கள் அங்கே வந்து குமையும். அச்சில் வார்த்தபோது உறைந்துபோன தகைவு அது. அக்ரிலிக்கில் இந்த நிறங்கள் ஸ்கேல் அளவுக்குப் பளிச்சென்று தெரியாது, மங்கல்தான். டிரம் வாங்கப் போகும் இடத்தில் இதையெல்லாம் செய்தால் விற்கிறவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஒவ்வொரு டிரம்மும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. அது விலையில் எப்படி விழுகிறது? பேச்சுக்கு ஒரு கணக்கு. வருஷத்துக்கு நூற்றில் இரண்டு கூடுகள் விரிசல் விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். உண்மை எண் இதுதான் என்று சொல்லவில்லை. ஐம்பது வருஷம் கழித்து நூற்றுக்கு 36 கூடுகள் நல்லபடி மிஞ்சும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் பான்ஹாம் அளவுச் செட்டில் நான்கு அக்ரிலிக் கூடுகள். நான்கும் ஒருசேரத் தப்பியிருக்க வேண்டுமென்றால் 0.36-ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும். விடை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஒரே வீட்டில், ஒரே கவனத்தில் வளர்ந்த நான்கு கூடுகளின் தலைவிதி தனித்தனியாக இராது என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் அதிகம் மிஞ்சியிருக்கலாம். ஆனாலும் முழுச் செட்டுக்கு உதிரிகளின் கூட்டு விலையைவிட ஏன் அதிகம் தருகிறார்கள் என்பதற்கு இந்தப் பெருக்கல் போதும். தனியாகப் போன டிரம்மை அங்கே 'அநாதை' என்றே சொல்கிறார்கள். அநாதைகளைப் பொறுக்கி ஒரு குடும்பம் சேர்க்கிறவர்களும் உண்டு. வெயில்படும் ஜன்னலோரம் நின்றது ஒன்று, பெட்டிக்குள் இருந்தது ஒன்று என்று தேன் நிறம் நான்கும் நான்கு விதமாக இருக்கும்.

இதே தர்க்கத்தின் உச்சம் லட்விக்கின் வானவில் டிரம்கள். ஒரே கூட்டில் பல நிறங்கள், பட்டை பட்டையாகவும் சுருளாகவும். பல நிறத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்தவை அவை. சாதாரணக் கூட்டில் ஓர் ஒட்டு இருந்தால் இதில் நாலைந்து. சுருளில் ஒட்டு நீளவாக்கில் கூட்டையே சுற்றி வருகிறது. பார்க்க அழகு, பிழைக்க லாயக்கில்லை. எனவே மிஞ்சியவை சொற்பம், எனவே விலை உச்சம். இந்த வியாபாரத்தில் மோசமான பொறியியலுக்குக் கிடைக்கும் பரிசு எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும்.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர், பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. எனவே வாங்குகிறவர் எல்லாக் காரையும் சந்தேகித்துக் குறைத்துக் கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குத் தர மனமில்லாமல் விலகிவிடுவார். கடைசியில் சந்தையில் ஓட்டை உடைசல்தான் மிஞ்சும். இதற்காக அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணாடி டிரம் இந்தச் சந்தைக்கு நேர் எதிர் என்று முதலில் நினைத்தேன். உள்ளும் புறமும் தெரிகிற பொருளில் எதை மறைக்க முடியும்? பிறகுதான் உறைத்தது: மறைக்க லக் இருக்கிறது. விரிசல் பிறப்பது ஸ்க்ரூ ஓட்டையில். அந்த ஓட்டைமேல் குரோமியம் பூசிய உலோகக் குமிழ் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நாலைந்து மில்லிமீட்டர் விரிசல் அதன் அடியில் சௌகரியமாகக் குடியிருக்கும். விவரமானவர்கள் லக்கைக் கழற்றிக் காட்டச் சொல்வார்கள். கழற்ற மறுத்தால், அதிலேயே பதில் வந்துவிடுகிறது.

அகர்லாஃப் பரிசு வாங்கிய அதே 2001-இல் லட்விக் விஸ்டாலைட்டை மீண்டும் செய்ய ஆரம்பித்தது, பான்ஹாம் அளவுத் தேன் நிறச் செட் உட்பட. இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது. அதனால் பழையதன் மதிப்பு விழுந்திருக்க வேண்டும், ஆனால் விழவில்லை. வாசிக்க ஒரு டிரம் வேண்டும் என்கிறவர் புதியதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பழையதைத் தேடுகிறவர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குக் கூட்டோடு அதன் வயதும் வேண்டும். கூடவே ஒரு தலைவலியும் சேர்ந்தது: புதியதைப் பழையது என்று விற்கும் கை. உலோகப் பேட்ஜைக் கழற்றி மாற்றுவது பெரிய வித்தை அல்ல. லட்விக்கின் 1970-களின் வரிசை எண்களும் ஒழுங்காக ஆண்டுவாரியாக ஏறுவதில்லை. எண்ணை மட்டும் வைத்து வயது சொல்வது, ரேஷன் கார்டைப் பார்த்து ஜாதகம் கணிக்கிற கதைதான்.

சத்தத்தைப் பற்றி இன்னும் நான் பேசவேயில்லை. டிரம்மில் பாடுவது பெரும்பாலும் தோல். 1950-களின் பின்பாதியிலிருந்து அது பாலியெஸ்டர் படலம். சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோல் எழுப்பும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று முறையற்ற விகிதத்தில் ஏறும், சுருதி சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கரணை இந்த விகிதங்களை எப்படி முழு எண்களை நோக்கி இழுக்கிறது என்பதை சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். டிரம் செட்டுக்குக் கரணை கிடையாது. அதன் குணத்தை விட்டமும் தோலும் இழுவையும் அடிக்கிற கையும் அறையும் தீர்மானிக்கின்றன. கூடு எதனால் ஆனது என்பதும் கொஞ்சம் சேரும். அக்ரிலிக் சத்தம் முரட்டுத்தனமானது, பெரியது என்பார்கள் அதன் அன்பர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அதைச் சொல்லட்டும், அப்புறம் ஒப்புக்கொள்கிறேன்.

பான்ஹாம் சத்தம் என்று உலகமே கொண்டாடுவது, 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் கேட்கிற அந்த இடி. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் டிரம்மை வைத்து, மாடிப்படிக்கு மேலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பிடித்தது. ஆல்பம் வெளிவந்தது 1971-இல். விஸ்டாலைட் சந்தைக்கு வந்ததோ 1972-இல். அந்த இடி மர டிரம்மினுடையது, அந்தக் கூடத்தினுடையது. தேன் நிறக் கூட்டுக்கு அள்ளிக் கொடுக்கிறவர்கள் வாங்குவது அந்தச் சத்தத்தை என்றால் தவறான பொருளை வாங்குகிறார்கள். அவர்கள் வாங்குவது விளக்கு ஊடுருவிய அந்தக் காட்சியை என்பது என் எண்ணம். 92 சதவீதம் ஒளி என்று முன்னே சொன்ன எண்ணுக்குத்தான் இத்தனை விலை. பான்ஹாமே அதை ரொம்ப நாள் வைத்திருக்கவில்லை. 1977 சுற்றுப்பயணத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம்முக்கு மாறிவிட்டார்.

காட்சிக்கும் மேலே ஒன்று உண்டு, அது தொட்ட கை. 2015-இல் ரிங்கோ ஸ்டாரின் லட்விக் செட் ஒன்று 20 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது மரம். அந்த உயரத்தில் பொருளறிவியலுக்கு வேலையில்லை. விரிசல் இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

பேர் தெரியாதவர் வாசித்த டிரம்மை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருடைய 18 அங்குல ஃப்ளோர் டாமின் கால் பிடிப்பான் ஒன்றைக் கழற்றிப் பார்க்கிறார். ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி மூன்று மில்லிமீட்டர் விரிசல். ஒவ்வோர் அடிக்கும் டிரம்மின் எடை அந்த மூன்று கால்களில்தான் இறங்குகிறது. விரிசலை நிறுத்த வழி உண்டு, இங்லிஸின் கணக்கே அதைச் சொல்கிறது: கூர்முனையை மழுக்கிவிட வேண்டும். விரிசல் முடியும் இடத்தைக் கண்டுபிடித்து, சரியாக அங்கே சின்னதாக, வட்டமாக, வழவழப்பாக ஓர் ஓட்டை போட்டால், ஊசிமுனையில் பல மடங்காக ஏறி நின்ற தகைவு வெகுவாக இறங்கிவிடும். விமானத் தகடுகளிலும் இதைச் செய்கிறார்கள். டிரம் இன்னும் பல வருஷம் அடி வாங்கும்.

ஆனால் விளம்பரத்தில் அவர் இனி 'எக்ஸ்ட்ரா ஹோல் இல்லை' என்று எழுத முடியாது. டிரில்லை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். பிட் புதிது. பக்கத்திலேயே கழற்றிய பிடிப்பானும் அதன் இரண்டு ஸ்க்ரூவும் கிடக்கின்றன. திரும்ப மாட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.